தமிழ் உரைநடை தெளிவு பெற்ற வரலாறு

தமிழின் தொன்மையும் இனிமையும் ஆண்டு விழா மேடைகளில் ஆண்டுதோறும் எடுத்துரைக்கப்படுகின்றன. இம்மலரில் நாம் வேறொன்றைப் பேச விழைகின்றோம். பாட்டில் ஈராயிரம் ஆண்டுப் பழக்கமுடைய தமிழர், பிறருக்கு விளங்குமாறு உரைநடை எழுத எவ்வாறு கற்றுக்கொண்டனர் என்பதே அது. இது புலவர்க்கு மட்டும் உரிய வினா அன்று. தாயகம் விட்டு வந்து தலைநகரில் குடியேறிய நமக்கும் இது நெருங்கிய செய்தியே.

பண்டைக் காலத்தில் உரைநடை இல்லாமல் இல்லை. இறையனார் களவியலுரை இருந்தது. இளம்பூரணர், பரிமேலழகர், நச்சினார்க்கினியர் முதலிய சான்றோரின் உரைகள் இருந்தன. ஆனால் அவை ஆசிரியர் அருகமர்ந்து பாடஞ்சொல்ல, மாணாக்கர் கேட்டுப் பயிலும் முறைக்கு ஏற்ப அமைந்தவை. ஏட்டில் இருந்தது பாதி. ஆசிரியரின் வாய்மொழி மறுபாதி.

சுவடி எழுத்தும் அத்தகையதே. சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. ஓலை கிழியும் என்று அஞ்சிப் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. 'பல' என்று எழுதியிருந்தால் அது 'பல' என்பதோ 'பல்' என்பதோ, படிப்பவரே இடம் நோக்கி உணரவேண்டும். எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடும் தெரியாது. இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்ற வீரமாமுனிவர், 18ஆம் நூற்றாண்டில் இவ்வெழுத்துகளின் வடிவில் வேறுபாடு செய்து இக்குறையைத் தீர்க்க வழி கண்டார்.

தமிழில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூல் 1578ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் அச்சாயிற்று. எனினும் நாட்டு மக்கள் தாமே அச்சகம் நிறுவி நூல் வெளியிடும் வாய்ப்பு 1835ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரே பெருகிற்று. அச்சுப் புத்தகம் ஊர் ஊராகச் சென்றது. ஆசிரியர் அதனுடன் செல்ல இயலவில்லை. எங்கோ ஓர் ஊரில் தனியே அமர்ந்து படிப்பவனுக்கு ஐயந்தீர்க்க அருகில் எவரும் இல்லை. ஆதலால் ஆசிரியர் வாயால் விளக்கிய அனைத்தையும் வாக்கியமே விளக்கவேண்டிய நிலை உண்டாயிற்று. தெளிந்த உரைநடையின் தேவை இங்கே தோன்றியது என்பது நம் கருத்து.

இத்தேவையை நன்குணர்ந்தவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). இளமையில் அவர் பெர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புப் பணிக்குத் துணை நின்றார். சிறு நூல்கள் வாயிலாகப் பொதுமக்களிடம் கருத்தைக் கொண்டு சேர்க்கும் முறையை அங்கே நேரிற் கண்டார். பின்னர்ச் சைவத்தின் பொருட்டு அதே முறையைக் கையாண்டார். 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளி நிறுவினார், அச்சியந்திரமும் அமைத்தார், பெரிய புராணத்தை உரைநடையில் எழுதி வெளியிட்டார், சிறுவர்க்குப் பாலபாடங்கள் இயற்றினார். சந்தி பிரித்தும், காற்புள்ளி, அரைப்புள்ளி, வினாக்குறி முதலியன இட்டும் அச்சிட்டார். கடும் புலமை மிக்க அவர் எளிமையை நாடியது புலமைக் குறைவினால் அன்று. தம் முன்னே பள்ளிச் சிறுவன் இருப்பதாக எண்ணி எழுதினார், அவ்வளவே.

அடுத்து நாம் நினைவுகூர வேண்டியவர் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் (1855–1942). சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த அப்பெரியார், நெடுங்காலம் புலவர் உலகிற்கே எழுதிவந்தவர். முதுமையில், எண்பத்தைந்தாம் வயதை நெருங்கியபொழுது, 1940ஆம் ஆண்டு முதல் தம் வாழ்க்கை வரலாற்றை ஆனந்த விகடனில் வாராவாரம் எழுதினார். அதனைப் படித்தவர்களுள் இல்லத்தரசிகளும் அலுவலகத்தாரும் மிகப் பலர்.

அந்நூலில் ஓர் இடம் உண்டு. அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்குத் தோட்டத்துச் செடிகளில் மிகுந்த பிரியம். காலையில் புதுத்தளிர் விட்டிருக்கின்றதா என்று பார்ப்பார். ஆசிரியரின் அன்பைப் பெற்றுப் பாடங்கேட்க விரும்பிய மாணவராகிய சாமிநாதையர், அவருக்கு முன்பே எழுந்து தளிர்களைத் தேடி வைத்துக் காட்டுவாராம். 'எம் ஆசிரியர் பெருங்கருணையாளர். யாம் பெரும்பக்தியுடையேம்' என்று பத்துப் பக்கம் எழுதியிருந்தாலும் இவ்வொரு காட்சி தரும் உண்மையை அவை தந்திரா. அவ்வரலாறு முடிவுறுமுன்பே 1942இல் அவர் மறைந்தார். எழுதிவைத்த அளவே நமக்குக் கிட்டிய செல்வம்.

அதே 1942இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தினத்தந்தி நாளிதழைத் தொடங்கினார். மக்கள் பேசும் சொற்களில், சிறு வாக்கியங்களில் செய்தி எழுதவேண்டும் என்பது அவர் கொண்ட கொள்கை. எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் அதனால் நாட்டு நடப்பை அறிந்தனர். நாவலர் பள்ளிச் சிறுவனை எண்ணினார். ஐயர் வாரப் பத்திரிகை படிக்கும் குடும்பத்தை எண்ணினார். ஆதித்தனார் தேநீர்க் கடையில் செய்தித்தாள் விரிப்பவரை எண்ணினார். எண்ணிய வாசகர் வேறு. எண்ணிப் பார்த்த பண்பு ஒன்றே.

இனி நம் காலனிக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் மலருக்கெனப் பெரியவர் ஒருவரிடம் கட்டுரை கேட்டோம். அவர் 1957இல் தட்டெழுத்துச் சான்றிதழும் ஒரு தகரப் பெட்டியுமாக இங்கு வந்தவர். முதற் குளிர்காலத்தில் போர்த்திக்கொள்ள ஒன்றும் இன்றி நடுங்கியபொழுது, பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மையார் தம் ரஜாயைக் கொடுத்தாராம். அந்த அம்மையாரும் 1947இல் இலாகூரிலிருந்து வெறுங்கையோடு வந்தவர். இதைப் பொங்கல் விழாவன்று பெரியவர் சொல்லக் கேட்டோர் கண் கலங்கினர். ஆனால் அவர் எழுதித் தந்த நான்கு பக்கங்களில் கன்னித்தமிழும் காவிரியும் இமயமும் இருந்தன, ரஜாய் இல்லை. அச்சில் ஏறவேண்டுவது அடுக்குமொழியே என்று அவர் எண்ணிவிட்டார். நாமும் அதைத் திருத்திக் கேட்கவில்லை. அது நம் தவறு. இன்று அவர் இல்லை. வேறு எவற்றையெல்லாம் சொல்லாமல் கொண்டுபோனாரோ, இனிக் கேட்க வழியில்லை.

நம் பேரப்பிள்ளைகள் பெங்களூரிலும் புனேயிலும் கடல் கடந்தும் வாழ்கின்றனர். அவர்கள் இம்மலரைப் பிரிக்கும்பொழுது விளக்கிச்சொல்ல நாம் அருகில் இருக்கமாட்டோம். ஆசிரியர் உடன்வராத அச்சு நூலைப் போன்றதே நம் எழுத்தும். ஆகவே எழுதுமுன் யாருக்கு எழுதுகின்றோம் என்று எண்ணுவோம். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தியைச் சொல்வோம். ஆண்டும் இடமும் குறிப்போம். கண்டதைக் கண்டவாறே எழுதுவோம்.

அடுத்த ஆண்டு மலருக்கு அன்பர்கள் ஒவ்வொருவரும் இரண்டு பக்கம் எழுதித் தருக. எழுத இயலாத மூத்தோர் சொல்ல, இல்லத்து இளையோர் எழுதிக்கொள்க. தமிழன்னையின் புகழை நம் முன்னோர் குறைவறப் பாடியிருக்கின்றனர். நம் தாயார் இவ்வூருக்கு வந்த முதல் நாள் எதைச் சமைத்தார் என்பதை நாம்தான் எழுதவேண்டும்.