யுனைடெட் புரூவரீஸ்

யுனைடெட் புரூவரீஸ், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியாவின் மிகப்பெரிய பீர் நிறுவனம். தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், தென்னிந்தியாவில் இயங்கிய ஐந்து ஆலைகளை ஒன்றிணைத்து 1915-இல் இதை நிறுவினார். அவற்றுள் மூத்தது 1857-இல் தொடங்கிய காசில் ஆலை. நீலகிரி ஆலையும் அவற்றுள் ஒன்று. பிரிட்டிஷ் படையினரே முதல் வாடிக்கையாளர்கள். சென்னை, பெங்களூர், நீலகிரிப் பகுதிகளுக்குப் பெரிய மரப்பீப்பாய்களில் மாட்டுவண்டி ஏறிப் பீர் போனது.

1947-இல் விட்டல் மல்லையா முதல் இந்திய இயக்குநரானார். பல மதுபான ஆலைகளை வாங்கித் தொழிலை விரிவாக்கினார். 1983-இல் அவர் மறைந்தபின் மகன் விஜய் மல்லையா பொறுப்பேற்றார். 1978-இல் மறு அறிமுகமான ‘கிங்ஃபிஷர்’ பீர், நிறுவனத்தின் முதன்மை வணிகப் பெயராயிற்று. 2021-இல் நெதர்லாந்தின் ஹைனெகென் பெரும்பான்மைப் பங்குகளைப் பெற்றது. அதே ஆண்டு, போட்டியாளர்களுடன் கூடி விலை நிர்ணயித்ததாக யுனைடெட் புரூவரீஸுக்கு இந்தியப் போட்டி ஆணையம் ஏறத்தாழ 752 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

மதுக் கொள்கை மாநிலங்களின் அதிகாரம் என்பதால் வணிகம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும். தமிழ்நாட்டில் மொத்த விற்பனை 1983 முதலும் சில்லறை விற்பனை 2003 முதலும் அரசின் டாஸ்மாக்கிடம் உள்ளன.