நெருப்புக்கு அனுமதி, கொடிக்குத் தடை: துருக்கியிலும் ஜெர்மனியிலும் குர்து மக்களின் நவ்ரோஸ்

ஆண்டுதோறும் மார்ச் 21ஐ ஒட்டி, துருக்கியின் தென்கிழக்கில் உள்ள தியார்பக்கிர் நகரிலும் ஜெர்மனியின் ஏதாவதொரு பெருநகரிலும் குர்து மக்கள் பெருந்திரளாகக் கூடுகிறார்கள். வசந்தத்தை வரவேற்கும் நவ்ரோஸ் விழா அது. நடுவில் நெருப்பு எரியும். சுண்டுவிரலோடு சுண்டுவிரல் கோத்து ஆணும் பெண்ணும் நீண்ட வரிசையாக ஆடுவார்கள்; வரிசையின் தலையில் நிற்பவர் கைக்குட்டையைச் சுழற்றித் தாளத்தை நடத்துவார். மேடையில் பாட்டும் அரசியல் பேச்சும் மாறி மாறி வரும். எங்கும் பச்சை, சிவப்பு, மஞ்சள். கூட்டத்தைச் சுற்றிலும் காவல்துறை.

இரு நாட்டு அரசுகளும் இந்தக் கூட்டத்திடம் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: உங்கள் பண்பாட்டைக் கொண்டாடுங்கள், அதன் பெயரில் தடைசெய்யப்பட்ட அமைப்பின் அரசியலைச் செய்யாதீர்கள். அந்த அமைப்பு 1978இல் தொடங்கி 1984இல் ஆயுதம் ஏந்திய குர்திஸ்தான் தொழிலாளர் கட்சி, சுருக்கமாக பி.கே.கே. பண்பாடு எங்கே முடிகிறது, அரசியல் எங்கே தொடங்குகிறது என்ற கோட்டை யார் போடுகிறார், எதைக் கொண்டு போடுகிறார், தவறாகப் போட்டால் யாரிடம் முறையிடலாம் என்ற மூன்று கேள்விகளில்தான் இரு நாடுகளும் பிரிகின்றன.

பிரிக்க முடியாத விழா

கொடுங்கோல் மன்னன் தெஹாக்கைக் கொன்று, மலைமேல் நெருப்பு மூட்டிச் சேதி சொன்ன கொல்லன் காவாவின் கதையோடு குர்து மக்கள் நவ்ரோஸைச் சேர்த்துச் சொல்கிறார்கள். கதையே ஒரு கலகக் கதை. 1982 மார்ச் 21 அன்று தியார்பக்கிர் ராணுவச் சிறையில் பி.கே.கே. நிறுவனர்களில் ஒருவரான மஸ்லும் டோகான் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன்பின் அந்த நாள் நினைவு நாளாகவும் ஆனது. தாய்மொழியில் பாடுவதே குற்றமாக இருந்த மக்களுக்கு, பாட்டு வேறு அரசியல் வேறு என்று பிரித்துக்கொள்ள வழியே இருக்கவில்லை. துருக்கியில் குர்து மொழிக்குத் தடை விதித்த 1983ஆம் ஆண்டுச் சட்டம் 1991இல்தான் நீக்கப்பட்டது.

துருக்கி அரசு இதற்கு ஒரு மாற்றையும் தேடியது. 1990களின் நடுவில், இது மத்திய ஆசியாவிலிருந்து வந்த பழைய துருக்கிய விழாதான் என்று அறிவித்து, அதிகாரிகளே நெருப்பைத் தாண்டிக் குதித்தார்கள். அரசு நடத்தும் விழாவுக்குத் தடையில்லை. குர்து மக்கள் தங்கள் எழுத்தில் பெயர் எழுதி நடத்தும் விழாவுக்கு வழக்கு. துருக்கிய அரிச்சுவடியில் இல்லாத மூன்று குர்து எழுத்துகளின் மீதிருந்த தடை 2013இல் அறிவிக்கப்பட்ட சீர்திருத்தத்துக்குப் பிறகே தளர்ந்தது.

எழுத்தில் உள்ள சட்டம்

சட்டப் புத்தகங்களை மட்டும் புரட்டினால் இரு நாடுகளும் அண்ணன் தம்பி போலத் தெரியும். ஆயுதமின்றி அமைதியாகக் கூட முன் அனுமதி வேண்டியதில்லை என்று இரண்டு அரசியலமைப்புகளும் சொல்கின்றன. இரண்டும் 48 மணி நேர முன்னறிவிப்பைக் கேட்கின்றன.

வேறுபாடு அடுத்த படியில் இருக்கிறது. துருக்கியின் 2911ஆம் எண் கூட்டச் சட்டம், பொது ஒழுங்கைக் காரணம் காட்டிக் கூட்டத்தைத் தள்ளிவைக்கவும் தடுக்கவும் ஆளுநருக்கு அதிகாரம் தருகிறது. ஆளுநர் அங்காராவின் நியமனம். அதற்கு மேல் 1991இன் பயங்கரவாத எதிர்ப்புச் சட்டம். முழக்கம், கைவிரலால் காட்டும் வெற்றிக் குறி, கைதட்டல் எல்லாம் பயங்கரவாதக் கணக்கில் வந்துவிடலாம். 2006இல் தியார்பக்கிரில் போராளிகளின் இறுதி ஊர்வலத்தில் வெற்றிக் குறி காட்டியதற்கும், அடுத்த ஆண்டு பல்கலைக்கழகக் கூட்டமொன்றில் கைதட்டியதற்கும் ஒரு மாணவருக்கு ஆறு ஆண்டுக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அது கூடும் உரிமையை மீறியது என்று ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னது 2017இல்.

ஜெர்மனியில் கணக்கு தலைகீழ். அங்கே அரசியல் கூட்டத்துக்குத்தான் பாதுகாப்பு அதிகம். கருத்தைச் சொல்லக் கூடுவதே அரசியலமைப்பு காக்கும் கூட்டம். வெறும் ஆட்டமும் பாட்டும் அந்தக் காப்புக்குள் வராது என்று, பெர்லின் நகரின் ‘லவ் பரேட்’ இசை ஊர்வல வழக்கில் 2001இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே துருக்கியில் ‘இது விழாதான்’ என்று சொன்னால் அனுமதிக்கு வழி பிறக்கலாம். ஜெர்மனியிலோ ‘இது அரசியல் கூட்டம்’ என்று சொல்வதுதான் அமைப்பாளருக்கு லாபம்.

ஆனால் அரசியலமைப்பில் இந்த உரிமை ‘ஜெர்மானியர் எல்லோருக்கும்’ என்றே எழுதப்பட்டிருக்கிறது. குடியுரிமை இல்லாத குர்து அகதிக்கு அதைவிடக் கீழ்ப்படியில் உள்ள கூட்டச் சட்டமே துணை. 1993 நவம்பரில் உள்துறை அமைச்சகம் பி.கே.கே.யைத் தடை செய்தது. அன்றிலிருந்து அதன் சின்னத்தைப் பொதுவெளியில் காட்டினால் அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை.

களத்தில் காவலர்

தியார்பக்கிர் மைதானத்துக்குப் போகும் வழியில் தடுப்புக் கம்பிகளும் சோதனைச் சாவடிகளும் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். உடலைத் தடவிப் பார்ப்பார்கள், பையைக் கொட்டச் சொல்வார்கள். வெளியே தண்ணீர் பீய்ச்சும் கவச வண்டிகள், கண்ணீர்ப்புகைத் துப்பாக்கிகள். அங்கே காவலர் சந்தேகத்தோடு பார்ப்பது வருகிற ஆளை.

ஜெர்மானியக் காவலரின் கண் முதலில் போவது ஆளின் கையில் உள்ள துணிக்கு. கூட்டத்துக்கு முன்பே அமைப்பாளரும் காவல்துறையும் மேசையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். எந்தப் பாதை, எத்தனை தொண்டர், எந்தக் கொடி கூடாது என்றெல்லாம் நிபந்தனைத் தாள் தயாராகிறது. ஊர்வலம் கிளம்புமுன் அமைப்பாளர் அதை ஒலிபெருக்கியில் வாசிக்க வேண்டும். சிறையில் உள்ள பி.கே.கே. தலைவர் அப்துல்லா ஒஜாலானின் படம் உயர்ந்தால் காவல்துறையின் கேமரா அந்தப் பக்கம் திரும்பும். தடியடிக்கு முன் பதிவு, பதிவுக்குப் பின் வழக்கு.

இது மென்மையாகத் தோன்றினாலும் விலை இல்லாததல்ல. கொடி பிடித்த ஆள் வெளிநாட்டவர் என்றால் அந்தப் பதிவு தங்கும் உரிமையையும் குடியுரிமை விண்ணப்பத்தையும் தொடரக்கூடும். அபராதத்தைக் கட்டிவிடலாம், குடியுரிமைக் கோப்பில் ஏறிய குறிப்பை எளிதில் அழிக்க முடியாது.

கோடு நகர்ந்த ஆண்டுகள்

கோடு நிலையானதா என்பதைப் பார்க்க இரு நாடுகளிலும் இரண்டிரண்டு கூட்டங்களை எடுத்துக்கொள்ளலாம்.

துருக்கி, 2012. குர்து ஆதரவுக் கட்சி மார்ச் 18 ஞாயிற்றுக்கிழமையில் விழா நடத்தக் கேட்டது. 21ஆம் தேதியன்றி வேறு நாளில் கூடாது என்றார்கள் அதிகாரிகள். தியார்பக்கிரில் மக்கள் தடுப்புகளை உடைத்துக்கொண்டு மைதானத்துக்குள் போனார்கள். இஸ்தான்புல்லில் நடந்த மோதலில் அக்கட்சியின் உள்ளூர் நிர்வாகி ஒருவர் உயிரிழந்தார். அடுத்த ஆண்டு, 2013 மார்ச் 21. தியார்பக்கிரில் பெருங்கூட்டத்தின் முன்னால் ஒஜாலானின் கடிதம் மேடையேறி வாசிக்கப்பட்டது. துப்பாக்கிகள் மௌனிக்கட்டும் என்ற அழைப்பு அது. அவர் படங்கள் எங்கும் அசைந்தன, காவல்துறை ஒதுங்கி நின்றது. இடைப்பட்ட பன்னிரண்டு மாதத்தில் கூட்டச் சட்டம் மாறவில்லை. அரசு சமாதானம் பேசத் தொடங்கியிருந்தது, அவ்வளவுதான். 2015இல் பேச்சு முறிந்ததும் 2016 நவ்ரோஸுக்குப் பல நகரங்களில் மறுபடி தடை.

ஜெர்மனி, 2017. மார்ச் தொடக்கத்தில் உள்துறை அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விட்டு, ஒஜாலான் படங்களையும் சிரியக் குர்து அமைப்புகளின் சின்னங்களையும் தடைப் பட்டியலோடு சேர்த்தது. சில நாளில் ஃபிராங்க்ஃபர்ட்டில் சுமார் 30,000 பேர் கூடிய நவ்ரோஸில் அதே படங்கள் ஏராளமாக உயர்ந்தன. குடும்பத்தோடு வந்த கூட்டத்துக்குள் புகுந்து கொடியைப் பறிப்பது அளவுக்கு மீறிய செயலாகிவிடும் என்று காவல்துறை கருதி, பதிவோடு நிறுத்திக்கொண்டது. துருக்கி வெகுண்டு ஜெர்மன் தூதரை அழைத்துக் கண்டித்தது. 2018 ஜனவரி: சிரியாவின் அஃப்ரின் பகுதிக்குள் துருக்கிப் படை நுழைந்ததை எதிர்த்துக் கொலோன் நகரில் சுமார் 20,000 பேர் ஊர்வலம் போனார்கள். அதே படங்கள், அதே கொடிகள். இம்முறை காவல்துறை ஊர்வலத்தைக் கலைத்தது.

ஆக, கோடு ஜெர்மனியிலும் நகர்கிறது. சிரியக் குர்துப் படை ஐ.எஸ். அமைப்பை எதிர்த்துப் போரிட்டபோது மேற்கு நாடுகளின் கூட்டாளி; அதன் முக்கோணக் கொடியை முகநூலில் பகிர்ந்ததற்கு பவேரியாவில் வழக்கு. இந்த முரணை எந்தச் சட்டப் பிரிவும் விளக்காது; வெளியுறவுக் கொள்கைதான் விளக்கும்.

உயிர்கள்

இங்கே இரு நாடுகளையும் சமமாக நிறுத்துவது நேர்மையாகாது. 1992 நவ்ரோஸில் ஜிஸ்ரே, ஷிர்நாக், நுசைபின் ஊர்களில் துருக்கிப் பாதுகாப்புப் படைகள் சுட்டதில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜிஸ்ரேயில் செய்தி சேகரிக்கப் போன சபாஹ் நாளிதழின் இஸ்ஸெத் கெஸெரும் கொல்லப்பட்டார். அந்தச் சாவுகளின் அதிர்வு ஜெர்மனியையும் தொட்டது. துருக்கிக்கு ஆயுதம் அனுப்புவதை ஜெர்மனி நிறுத்தியது. நாடாளுமன்றத் தடையை மீறி லெபார்ட் டாங்கிகள் துருக்கிக்குப் போனது அம்பலமானதும் பாதுகாப்பு அமைச்சர் கெர்ஹார்ட் ஸ்டோல்டன்பெர்க் அந்த மாத இறுதியிலேயே பதவி விலகினார். ஜெர்மன் வீதியில் குர்து மக்கள் கத்தியதற்கு ஜெர்மன் ஆயுதமும் ஒரு காரணம் என்பதை இந்த நிகழ்வு இல்லாமல் புரிந்துகொள்ள முடியாது.

ஜெர்மனியின் கையிலும் ரத்தம் இல்லாமல் இல்லை. 1994இல் ஆக்ஸ்பர்க் நவ்ரோஸ் கூட்டம் தடை செய்யப்பட்டது. சாலை மறியல்கள் வெடித்தன. மன்ஹைம் நகரில் இரண்டு குர்துப் பெண்கள் தீக்குளித்து இறந்தார்கள். அதே ஆண்டு ஜூன் இறுதியில் ஹனோவரில் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்த 16 வயது ஹலீம் டெனரை மாற்றுடைக் காவலர் ஒருவரின் துப்பாக்கிக் குண்டு முதுகில் துளைத்தது. தவறுதலாக வெடித்தது என்று வாதாடிய அந்தக் காவலர் 1997இல் விடுதலையானார்.

அதற்கு இணையாகத் துருக்கியில் 2017. தியார்பக்கிர் நவ்ரோஸின் சோதனைச் சாவடியில் 23 வயது மாணவர் கெமால் குர்குத் சுடப்பட்டார். தற்கொலைக் குண்டுதாரி என்று சந்தேகித்தோம் என்றார்கள் அதிகாரிகள். வெளிவந்த படங்களில் அவர் மேலாடை இல்லாமல் கையில் கத்தியோடு ஓடுகிறார். உடம்பில் வெடிகுண்டு கட்ட இடமே இல்லை. சுட்ட காவலரை 2020இல் விசாரணை நீதிமன்றம் விடுவித்தது. படம் எடுத்த பத்திரிகையாளருக்கு, பயங்கரவாதப் பிரச்சாரம் செய்தார் என்று 2022இல் ஒன்றரை ஆண்டுக்கு மேல் சிறைத்தண்டனை. காவலர் விடுதலையாவதில் இரு நாடும் ஒன்று. சாட்சியின் கதி என்னவாயிற்று என்பதில் ஒன்றில்லை.

மேடையின் மீதும் கை

கூட்டத்தோடு இது நிற்கவில்லை. 2020 அக்டோபரில் இஸ்தான்புல் நகராட்சி அரங்கில் குர்து மொழியில் நடக்கவிருந்த நாடகம், திரை விலகச் சில மணி நேரமே இருக்கத் தடை செய்யப்பட்டது. அது இத்தாலிய நாடகாசிரியர் தாரியோ ஃபோ எழுதியதன் குர்து வடிவம். 2022இல் பாடகி அய்னூர் டோகானின் கச்சேரி ரத்தானது. 2024 கோடையில் குர்துப் பாட்டுக்குக் கைகோத்து ஆடிய இளைஞர்களைப் பல ஊர்களில் பிடித்துப் போனார்கள். ஜெர்மனியும் 2019 பிப்ரவரியில் ஒரு குர்துப் புத்தகப் பதிப்பகத்தையும் ஓர் இசை நிறுவனத்தையும் பி.கே.கே.யின் கிளைகள் என்று சொல்லி மூடியது. ‘பண்பாட்டைத் தொட மாட்டோம்’ என்ற வாக்கு இரு நாட்டிலும் முழுசாக நிற்கவில்லை.

முடிவாக

ஜெர்மானியக் காவலர் துருக்கிக் காவலரைவிட நல்ல மனிதர் என்பதற்கு இந்த ஒப்பீட்டில் ஆதாரம் இல்லை. அவர் வேலை செய்யும் ஏற்பாடு வேறு. நிபந்தனை பிடிக்காவிட்டால் கூட்டத்துக்கு முன்பே நிர்வாக நீதிமன்றத்தில் அவசர மனு போடலாம். தீர்ப்பு அன்றே வரலாம். துருக்கியில் நீதி பிந்தி வருகிறது, அதுவும் வெளியூரிலிருந்து. 2006இல் தியார்பக்கிரில் 13 வயதுச் சிறுவனின் முகத்தில் கண்ணீர்ப்புகைக் குண்டு நேராக வந்து பாய்ந்தது. அப்படிச் சுட்டது தவறு என்று ஸ்ட்ராஸ்பர்க் சொன்னபோது ஆண்டு 2013, சிறுவன் இளைஞனாகிவிட்டிருந்தான்.

2025 மே மாதம் பி.கே.கே. தன்னைக் கலைப்பதாக அறிவித்தது. இரு நாட்டுத் தடைகளும் அதனால் தாமாக உதிர்ந்துவிடாது, ஆனால் தடைக்குச் சொல்லப்பட்ட காரணம் மெலிந்துவிட்டது. துருக்கி செய்ய வேண்டியது தெளிவு: அனுமதியை ஆளுநரின் கையிலிருந்து எடுக்க வேண்டும், சுட்டவரை விசாரிக்க வேண்டும். ஜெர்மனி செய்ய வேண்டியது சிறியது, ஆனால் அதுவும் கடமையே: துருக்கி அரசின் கோபத்துக்கு ஏற்ப நீளும் அந்தச் சின்னப் பட்டியலைச் சுருக்க வேண்டும். கூட்டம் முடிந்து ஏழு ஆண்டு கழித்து வரும் தீர்ப்பை உரிமை என்று சொல்ல முடியாது. கூட்டத்துக்கு முன்னால் வருவதே உரிமை.