அங்கே செல்லும் பேட் இங்கே செல்லாதா?

"போன வாரம் வேற டோர்னமென்ட்ல இதே பேட்லதானே ஆடினேன், இங்க மட்டும் ஏன் கூடாது?"

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் டென்னிஸ் பால் மேட்ச் பார்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிற பையன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய பேட். டீம் என்ட்ரி ஃபீஸும் கட்டியாகிவிட்டது. அப்புறம் "செல்லாது" என்றால் கோபம் வரத்தானே செய்யும்? வேடிக்கை என்னவென்றால், இந்தச் சண்டைக்கு வயது 250-க்கும் மேல்!

1771 செப்டம்பர். இங்கிலாந்தில் செர்ட்ஸி அணிக்கும் ஹாம்பிள்டன் அணிக்கும் ஆட்டம். செர்ட்ஸியின் தாமஸ் ஒயிட், ஸ்டம்பையே மறைக்கிற அகலத்தில் ஒரு பேட்டோடு இறங்கினார். அகலத்துக்கு அப்போது விதியே கிடையாது. ஹாம்பிள்டன் வீரர்கள் எழுத்தில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 1774-ல் வந்த விதிகளில் அகலம் நாலேகால் அங்குலத்துக்கு மேல் கூடாது என்றானது. இன்றைக்கும் அதே அளவுதான், 108 மி.மீ.

அடுத்தவர் டென்னிஸ் லில்லி. 1979 டிசம்பரில் பிரிஸ்பேனில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக அலுமினிய பேட்டில் ஆடினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதே மாதம் பெர்த்தில் இங்கிலாந்து கேப்டன் மைக் பிரேர்லி, பந்து கெட்டுப்போகிறது என்று புகார் செய்தார். பேட்டை மாற்றச் சொன்னதும் லில்லி அதைத் தூக்கி எறிந்தார். மரத்தில்தான் இருக்க வேண்டும் என்று அன்று விதியில் இல்லை. 1980-ல்தான் எழுதினார்கள்.

நம்ம சென்னை சூப்பர் கிங்ஸ் கதை வேறு மாதிரி. 2010 ஐ.பி.எல்.-லில் மேத்யூ ஹேடன் குட்டை பிளேடும் நீளக் கைப்பிடியும் கொண்ட மங்கூஸ் பேட்டோடு வந்து, டெல்லிக்கு எதிராக 43 பந்தில் 93 அடித்தார். பார்க்க விசித்திரம், ஆனால் செல்லும். கைப்பிடி மொத்த நீளத்தில் 52 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதே விதி.

2017 அக்டோபரிலிருந்து விளிம்பு 40 மி.மீ., தடிமன் 67 மி.மீ. என்று உச்சவரம்பு வந்தது. 2025 ஐ.பி.எல்.-லில் மைதானத்திலேயே அளவுக் கருவியை வைத்துப் பார்த்தார்கள். ஏப்ரலில் முல்லன்பூரில் சுனில் நரைன், நோர்க்கியா இருவரும் பேட்டை மாற்ற வேண்டியதாயிற்று.

சரி, நம் கேள்விக்கு வருவோம். பதில் விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. 'ஏ' வகை பேட் எந்த மட்டத்திலும் செல்லும். 'பி', 'சி' மற்றும் பிற வகைகள், அந்தந்த நாட்டு கிரிக்கெட் அமைப்பு சொல்கிற மட்டம் வரைதான். ஆக, ஓரிடத்தில் செல்வது இன்னோரிடத்தில் செல்லாமல் போகலாம். அதில் தப்பில்லை.

தப்பு எங்கே என்றால், எப்போது சொல்கிறோம் என்பதில். ஒயிட்டும் லில்லியும் எந்த விதியையும் மீறவில்லை. விதி அவர்களுக்குப் பின்னால் வந்தது. ஹேடனுக்கோ விதி முன்பே இருந்தது, சண்டையே இல்லை.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டம் தெரியும்: இருவரும் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒத்துக்கொண்டால்தான் அது சம்மதம். காசை வாங்கிக்கொண்டு, டாஸ் போட்ட பிறகு பேட் விதி சொல்வது எந்தக் கணக்கில் சேரும்?

டோர்னமென்ட் நடத்தும் அண்ணன்களுக்கு ஒரே வேண்டுகோள். நோட்டீஸில் முதல் பரிசு எவ்வளவு என்று கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். அதற்குக் கீழே பேட் விதியையும் ஒரு வரி போட்டுவிடுங்கள்.