ஜெனீவாவில் முதுமை ஆராய்ச்சி

1535-இல் மதச் சீர்திருத்தத்தின் வேகத்தில் புனித கிளாரா கன்னிமாடம் காலியானபோது, ஜெனீவா நகரத்தார் அக்கட்டடத்திலேயே பொது மருத்துவமனை என்னும் தர்ம ஸ்தாபனத்தை நிறுவி, அநாதைக் குழந்தைகளையும் பிணியாளரையும் நாதியற்ற விருத்தர்களையும் ஒரே கூரையின்கீழ் வைத்துப் போஷித்தார்கள். முதுமை அன்று வறுமையின் ஒரு கிளையாகவே எண்ணப்பட்டது. 1948-இல் தேசிய முதியோர் ஓய்வூதியம் அமலுக்கு வந்த பின்னரே அவ்வெண்ணம் தளர்ந்தது.

இவ்வாறு வறுமையினின்று பிரித்து எண்ணப்பட்ட முதுமையைத் தனியே ஆராயும் முயற்சியாக, கிறிஸ்தியான் லலீவ் தெப்பினே என்னும் சமூகவியல் அறிஞரின் தலைமையில் 1979-இல் ஜெனீவாவிலும் மலைநாடான வாலேயிலும் நடந்த முதியோர் விசாரணை 1994-இல் மீண்டும் நடத்தப்பட்டது. அதே ஆண்டு, தம் வீட்டிலேயே வசித்துவந்த எண்பது வயது கடந்தவர்களைத் தேர்ந்து, வருஷக்கணக்காகத் தொடரும் வேறொரு ஆராய்ச்சியும் தொடங்கிற்று. ஆரோக்கியத்துக்கும் பிறரை அண்டி வாழும் நிலைக்கும் நடுவே, உடல் தளர்ந்தும் சுயேச்சை குன்றாத பலவீன நிலையொன்று நெடுங்காலம் நீடிக்கிறதென்று அது காட்டியதே, என் அபிப்பிராயத்தில், முதியோர் இல்லத்தின் உள்ளிருந்து கேட்கப்பட்ட எல்லாக் கேள்விகளையும்விட மதிப்புடையது. 2011-12-இல் வேறு மாநிலங்களுக்கும் விரிந்த விசாரணை, பொதுவில் க்ஷேமம் வளர்ந்திருந்தும் கல்வி குறைந்தோர் பின்தங்கியே நிற்பதைப் புலப்படுத்தியது.