கடல் மீனுக்கும் காஞ்சிபுரத்துக்கும் என்ன சம்பந்தம்?

நம் பழைய மாணவர் சங்கச் செயலாளர் போன் செய்து, “மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேணும், நீங்க எழுதித்தான் ஆகணும்” என்றார். “எனக்குத் தெரிஞ்ச வரலாறு மீன் கணக்குதானே?” என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “சார், நம்ம ஊர் கோயில் ஊராச்சே!” என்று சிரித்தார்.

அவர் சிரித்ததில் தப்பில்லை. 1975-இல் இந்தக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டு, கடற்கரையில் மீன் கணக்கெடுக்கும் வேலைக்குப் போகிறேன் என்று சொன்னபோது என் அப்பாவும் அப்படித்தான் பார்த்தார். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. “பாவு எண்ணத் தெரிஞ்சவனுக்கு மீன் எண்ண வராதா, போய்ட்டு வா” என்று மட்டும் சொன்னார். இருபது ஆண்டுகளுக்கு மேல் எண்ணினேன். அந்த எண்ணிக்கையின் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். அது நம் ஊர்க் கதையும்கூட என்பது படிக்கும்போது தெரியும்.

1904-ஆம் ஆண்டு கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்த அக்டோபரிலேயே நம் காஞ்சிபுரத்தில் ஒரு நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது. இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுச் சங்கம் என்ற பெருமை அதற்கு உண்டு. அந்தச் சட்டத்துக்கு வித்திட்டவர்களில் முக்கியமானவர் சர் ஃபிரடெரிக் நிக்கல்சன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. கடன்பட்ட குடியானவனுக்கு வழி என்ன என்று ஆராய்ந்து, 1895-இலும் 1897-இலும் இரண்டு பெரிய தொகுதிகளாக அறிக்கை கொடுத்தவர் அவர்.

அதே நிக்கல்சனிடம்தான் 1905-இல் சென்னை அரசு மீன்வளத்தைப் பற்றி ஆராயும் பொறுப்பை ஒப்படைத்தது. 1907-இல் சென்னை மாகாண மீன்வளப் பிரிவு உருவானது. அவர் ஜப்பானுக்கே போய் மீன்பிடித் தொழிலைப் பார்த்துவந்து அறிக்கை எழுதினார். நெசவாளிக்குக் கடன் கிடைக்க வழி சொன்ன அறிக்கையும் மீனவனுக்காக எழுதிய அறிக்கையும் ஒரே மனிதரின் மேசையிலிருந்து வந்தவை. செயலாளர் கேட்ட சம்பந்தம் இதுதான்.

நிக்கல்சனை அடுத்து வந்தவர் ஜேம்ஸ் ஹார்னல். மலையாளக் கரையில் மத்தி என்று சொல்லும் மீன் சில ஆண்டுகள் மலைபோல் வந்து குவிவதும், சில ஆண்டுகள் சொல்லாமல் கொள்ளாமல் மறைவதும் அன்றைக்கே பெரிய புதிராக இருந்தது. ஹார்னலும் ராமசாமி நாயுடுவும் சேர்ந்து 1920-களில் அந்த மீனின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது அடிக்கடல் நீர் மேலே வருகிறது. அதோடு வரும் சத்தில் கண்ணுக்குத் தெரியாத பாசி பெருகுகிறது. அதைத் தின்ன மத்திக் கூட்டம் கரைக்கு வருகிறது. ஆயுளோ சில ஆண்டுகள்தான். ஆகவே ஒரு பருவத்தில் முட்டை பிழைக்கவில்லை என்றால் அடுத்த பருவத்திலேயே வலை காலியாகிவிடும்.

1940-களின் தொடக்கத்தில் மத்தி மறைந்தபோது சென்னை அரசு பயந்துபோய், 1943-இல் குஞ்சு மத்தி பிடிக்கவும் சில வகை வலைகளுக்கும் தடை போட்டது. சில ஆண்டுகளிலேயே தடை கைவிடப்பட்டது. மீன் குறைந்தது வலையாலா, கடலாலா என்று சொல்ல அன்றைக்கு யாரிடமும் ஒழுங்கான கணக்கு இல்லை. கணக்கில்லாத இடத்தில் சட்டம் போட்டால் மீனவனும் நம்பமாட்டான், மீனும் கேட்காது!

இதைவிட மனத்தை வருத்தும் கதை நம் காவிரியில் நடந்தது. உல்லம் என்று ஒரு மீன். வங்காளிகள் இலிஷ் என்று தலையில் வைத்துக் கொண்டாடும் அதே மீன். கடலில் வளர்ந்து, புதுவெள்ளம் வரும்போது ஆற்றை எதிர்த்து ஏறி முட்டையிடும். நாம் ஆடிப்பெருக்குக்குச் சித்ரான்னம் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகும் காலம்தான் அதற்கும் பயணக் காலம். 1836-ஐ ஒட்டிக் கொள்ளிடத்தில் மேலணையும் கீழணையும் எழுந்தன. அணைகள் இந்த மீனின் வழியை மறிக்கின்றன என்று டாக்டர் ஃபிரான்சிஸ் டே 1873-ஆம் ஆண்டு அறிக்கையிலேயே எச்சரித்தார். பிற்பாடு கீழணையில் உல்லத்தின் முட்டையைச் செயற்கையாகப் பொரிக்கவைக்கும் முயற்சிகளும் நடந்தன. 1934-இல் மேட்டூர் அணை வந்தது. ஆற்றில் வெள்ளம் வரும் முறையே மாறிப்போனது. சென்னை மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த டாக்டர் சுந்தர ராஜ், மேட்டூர் நமக்குக் கற்றுத்தரும் பாடம் என்ன என்று 1941-இல் ஒரு கட்டுரையே எழுதினார். காவிரி உல்லம் அதற்குப் பிறகு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

அணை கட்டியது தப்பு என்று நான் சொல்லவரவில்லை. தஞ்சாவூர் நெல்லைத் தின்று வளர்ந்த உடம்பு இது. ஆனால் எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று எழுதிவைத்தாவது கொடுக்க வேண்டும் அல்லவா?

முறையான கணக்கு சுதந்திரத்தை ஒட்டித்தான் ஆரம்பமானது. 1947 பிப்ரவரியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. சில காலம் மண்டபம் முகாமில் இருந்து, 1971-இல் கொச்சிக்குப் போனது. இந்தியாவின் கடற்கரை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். எல்லாக் குப்பத்திலும் எல்லா நாளும் ஆள் நிறுத்த முடியாது. அதனால் மாதிரிக் கணக்கெடுப்பு என்ற முறையை நிலையத்தார் வளர்த்தெடுத்தார்கள்.

கணித மாணவர்கள் கவனியுங்கள். மாதத்தைப் பத்துப் பத்து நாளாக மூன்றாகப் பிரிப்பார்கள். முதல் ஐந்து நாளில் ஒரு நாளைக் குருட்டாம்போக்கில், சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் தேர்ந்தெடுப்பார்கள். அதிலிருந்து மற்ற நாட்கள் தாமாக அமையும். இரண்டிரண்டு நாளாக மாதத்துக்கு ஒன்பது ஜோடி. முதல் நாள் பகல் 12 மணி முதல் மாலை 6 மணி வரை கரையில் நிற்க வேண்டும். மறுநாள் காலை 6 முதல் 12 வரை. நடுவில் உள்ள இரவுக்கு, விசாரித்து எழுத வேண்டும். 15 படகு வரை வந்தால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அதற்கு மேல் போனால் இத்தனைக்கு ஒன்று என்று விகிதம் உண்டு. உதாரணமாக 24 மரம் கரையேறினால் ஒன்றுவிட்டு ஒன்று 12 பார்ப்போம். சராசரி 40 கிலோ என்றால் 24 மரத்துக்கு 960 கிலோ. சின்னக் கணக்குதான். ஆனால் அது மாதத்துக்கும் மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் பெருகிக்கொண்டே போகும்.

அந்தப் பெருக்கல் என்ன என்று நான் கற்றுக்கொண்டது ஒரு ஐப்பசி இரவில். கோவளம் பக்கத்தில் வேலை. கொட்டுகிற மழை. இரவு விசாரணைக்குப் போகாமல், முந்தின தடவை எழுதிய எண்ணையே போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் கரையில் ஒரு பெரியவர், “இன்னா தம்பி, நேத்து ராத்திரி ஒன்ன காணமே? ஒரு மரம்கூட எறங்கல, கடலு அப்படி கொந்தளிச்சிது” என்றார். என் நோட்டிலோ பல நூறு கிலோ மீன் இருந்தது! அன்று மாலையே மேலதிகாரியிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, “நீ எழுதினது ஒரு ராத்திரி இல்லப்பா, அது பல ராத்திரிக்கு நிக்கிற எண்ணு” என்றார். பாவில் ஒரு இழை விட்டால் புடவை நீளத்துக்கும் கோடு விழும் என்று அப்பா சொல்வது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

கரையில் நின்றால் காலண்டர் தேவையில்லை. கோடையில் காற்று மாறும்போது ஆழ்கடலில் கோலா மீன் வரும், இறக்கையை விரித்துப் பறக்கிற மீன். இலைதழைக் கட்டுகளை மிதக்கவிட்டால் முட்டையிட அதைத் தேடி வரும். இந்த முறையை ஹார்னல் 1923-இலேயே எழுதிவைத்திருக்கிறார். வாடைக் காற்று அடங்கும்போது வேறு மீன், சோழகக் காற்றுக்கு வேறு மீன். மலையாளத்து மத்தி 1980-களின் பிற்பகுதியிலிருந்து நம் சோழமண்டலக் கரையிலும் நிறைய வர ஆரம்பித்தது. சென்னைப் பக்கம் இந்த வகை மீனுக்குக் ‘கவலை’ என்று பெயர். வந்தாலும் கவலை, வராவிட்டாலும் கவலை என்று நாங்கள் சிரிப்போம்.

அந்தச் சிரிப்பு பின்னாளில் நின்றுபோனது. கேரளத்தில் 2012-இல் ஏறக்குறைய 3.9 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021-இல் கிடைத்தது 3,297 டன். நூறில் ஒரு பங்குகூட இல்லை! குஞ்சுகளை அளவில்லாமல் வாரியதும், எல் நினோவால் கடல் சூடானதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. பிறகு மீன் திரும்பியது. 1943-இல் தெரியாத ஒன்று இந்தத் தடவை தெரிந்தது. எப்போது, எங்கே, எவ்வளவு குறைந்தது என்று ஆண்டுவாரியாக எண் இருந்தது. அந்த எண்கள், மழையில் நனைந்து நின்ற கணக்கெடுப்பாளர்கள் எழுதியவை.

ஒரு விஷயம் மாணவர்கள் மறக்கக் கூடாது. கரைக்கு வந்த மீன் வேறு, கடலில் இருக்கிற மீன் வேறு. போன மாதம் 20 மரம் போய் மரத்துக்கு 50 கிலோ, மொத்தம் 1,000 கிலோ. இந்த மாதம் 40 மரம் போய் மரத்துக்கு 30 கிலோ, மொத்தம் 1,200 கிலோ. பேப்பரில் ‘மீன்பிடிப்பு அதிகரிப்பு’ என்று செய்தி வரும். மரக்காரனைக் கேட்டால் “மீனே இல்லீங்க” என்பான். இரண்டும் உண்மைதான். ஆனால் கடலின் நிலையைச் சொல்வது அந்த 30 கிலோ. அதனால்தான் மீனோடு மரத்தையும் எண்ணுகிறோம், எத்தனை மணி நேரம் வலை வீசினான் என்றும் கேட்கிறோம். 2001-இல் தமிழ்நாட்டில் விசைப்படகுகளுக்கு 45 நாள் தடைக்காலம் வந்தது. பிறகு அது 61 நாளாகி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நடக்கிறது. அந்த இரண்டு மாதமும் விசைப்படகுக்காரர் வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம். அவர்களைப் பொறுத்துக்கொள் என்று சொல்ல வேண்டுமானால், நம் கையில் இருக்கிற எண் நேர்மையானதாக இருக்க வேண்டும்.

1997 முதல் 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கடற்கரை இருந்தது. கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் எல்லாம் நம்முடையவை. செங்கல்பட்டு தனி மாவட்டமானதும் கரை அந்தப் பக்கம் போய்விட்டது. போகட்டும். காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவனுக்கு மாமல்லபுரத்துக் கடல் தூரமாகத் தெரியவில்லை.

இன்றைக்கு நம் கல்லூரியில் கணிதமும் விலங்கியலும் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். படிப்பு முடிந்து எந்த வேலைக்குப் போனாலும், மழை பெய்கிற ஒரு இரவு உங்களுக்கும் வரும். நோட்டும் பேனாவும் உங்கள் கையில் இருக்கும். பார்க்க யாரும் இருக்கமாட்டார்கள். அன்றைக்குக் குடையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய்விடுங்கள்.