ஜெனரல் குமாரமங்கலம்: ஒரே முகாம், இரு பாதைகள்

திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் குடும்பம் என்றதும் நம் நினைவுக்கு வருவோர் அரசியலாளர்களே. 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த ப. சுப்பராயன், லண்டன் வட்டமேசை மாநாட்டில் கலந்துகொண்ட ராதாபாய், பொதுவுடைமை இயக்கத்தில் வளர்ந்து பின்னாளில் மத்திய அமைச்சரான மோகன், 1957இல் கோவையிலிருந்து மக்களவைக்குச் சென்ற பார்வதி கிருஷ்ணன். இவ்வீட்டின் மூத்த மகன் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம் (1913–2000) இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்தவர். அவரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு.

அவர் தேர்ந்துகொண்ட பிரிவே கவனத்துக்குரியது. 1857 எழுச்சிக்குப் பின், மலைப் பீரங்கிகள் நீங்கலாக, பீரங்கிகளை இந்தியர் கையில் ஒப்படைப்பதில்லை என்பது ஆங்கிலேயர் கொண்ட கொள்கை. அந்தத் தடை தளர்ந்து, இந்தியர்களைக் கொண்ட முதல் களப் பீரங்கிப் பிரிவு பெங்களூரில் உருவானது 1935 ஜனவரியில்தான். ஈட்டனில் படித்து, ஊல்விச் ராணுவக் கல்லூரியில் பயின்று 1933இல் அதிகாரியான குமாரமங்கலம், பீரங்கிப் படைக்குள் நுழைந்த முதல் சில இந்திய அதிகாரிகளுள் ஒருவர்.

அரச ஆணை பெற்ற அதிகாரியை ஏகாதிபத்தியத்தின் ஏவலாள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அந்தக் கேள்வி அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அரசுக்கு எதிராகச் சதி செய்ததாகத் தொடரப்பட்ட சென்னைச் சதி வழக்கில் தம்பி மோகன் குற்றம் சாட்டப்பட்டது 1941இல். அடுத்த ஆண்டு, அதே அரசின் சீருடையில் அண்ணன் லிபியப் பாலைவனத்தில் நின்றார்.

1942 மே 27 அன்று பீர் ஹக்கீமுக்கு அருகே, மூன்றாம் இந்திய மோட்டார் பிரிகேடின் மீது இத்தாலியின் அரியத்தே கவசப் படைப்பிரிவு பாய்ந்தது. பீரங்கி வீரன் பெரும்பாலும் தான் காணாத இலக்கைக் கணக்கிட்டுச் சுடுபவன். அன்றோ எதிரி டாங்கிகளைக் கண்ணெதிரே குறிவைத்துச் சுட வேண்டியிருந்தது. பிரிகேட் நிலைகுலைந்தது. குமாரமங்கலம் சிறைப்பட்டார். அன்றைய செயலுக்காக அவருக்கு டி.எஸ்.ஓ. என்னும் உயரிய பிரிட்டிஷ் விருது கிடைத்தது.

இத்தாலியப் போர்க் கைதிகள் முகாமில் இந்திய அதிகாரிகளுக்கு மூத்தவராக அவர் இருந்தார். முகாமின் அட்ஜுடன்டாக யாஹியா கான். உடனிருந்தவர்களில் சாஹிப்சாதா யாகூப் கானும் ஒருவர். குமாரமங்கலம் தப்பிச் சென்றார். ஆனால் விழுந்து கணுக்கால் முறிந்ததால் மீண்டும் பிடிபட்டு, இன்று போலந்தில் உள்ள சாகன் நகர் முகாமுக்கு அனுப்பப்பட்டார்.

1966 ஜூனில் அவர் இந்திய ராணுவத் தலைமைத் தளபதியானார். அதே ஆண்டில் பாகிஸ்தான் ராணுவத்துக்குத் தலைமையேற்றவர் யாஹியா கான். 1962இன் தோல்வி ஆறாதிருந்த காலம் அது. 1967 செப்டம்பரில் சிக்கிமின் நாதுலா கணவாயில் சீனப் படையோடு மோதல் வெடித்தபோது, இந்தியத் தரப்பு பீரங்கிகளாலேயே பதிலளித்தது. பின்வாங்கவில்லை.

1969 மார்ச் 25 அன்று யாஹியா கான் நாட்டின் அதிகாரத்தைக் கைப்பற்றினார். மூன்று மாதம் முடியுமுன், ஜூன் 7 அன்று, குமாரமங்கலம் பதவிக்காலம் முடிந்து பொறுப்பை மானெக்‌ஷாவிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெற்றார். இருவரும் பயின்றது ஒரே ராணுவ மரபில். சிறைப்பட்டதும் ஒரே முகாமில். பின் வேறுபாடு எங்கிருந்து வந்தது?

தனிமனித ஒழுக்கத்தால் மட்டும் இதை விளக்கிவிட முடியாது. யாகூப் கான் அதற்குச் சான்று. 1971 மார்ச்சில் கிழக்கு வங்கத்தில் ராணுவ நடவடிக்கைக்கு உடன்படாமல் அவர் பதவி விலகினார், நடவடிக்கையோ நிற்கவில்லை. நல்லவர்கள் இரு பக்கமும் இருந்தார்கள். ஆனால் இந்தியாவில் 1955இலேயே கமாண்டர்-இன்-சீஃப் என்ற பதவிப் பெயர் நீக்கப்பட்டு, முப்படைத் தலைவர்களும் சமநிலையில் வைக்கப்பட்டனர். 1967க்குள் நான்கு பொதுத் தேர்தல்கள் நடந்து முடிந்திருந்தன. பாகிஸ்தானில் 1958இலேயே ராணுவ ஆட்சி வந்துவிட்டது. ஒருவர் அமைதியாக ஓய்வுபெறுவதற்கும் ஒரு அமைப்பு தேவைப்படுகிறது.

அண்ணன் காத்த எல்லையும் தம்பியும் தங்கையும் வாதாடிய நாடாளுமன்றமும் ஒன்றையொன்று சார்ந்தவை. இந்த வீட்டின் வரலாற்றில் தளபதியை விட்டுவிட்டு அரசியலாளர்களை மட்டும் நாம் நினைவில் வைத்திருப்பது, அந்தச் சார்பைக் காணத் தவறுவதாகும்.