ஆஸ்பத்திரிக்கு ஒருவர்

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெரிய ஆஸ்பத்திரிகளில் குழந்தைகள் பிரிவில் ஓர் உளவியலாளர் இருந்தாலே பெரிது. அந்த ஒருவருக்கும் பெரும்பாலும் அறிவுத்திறன் சோதனை வைத்து மதிப்பெண் எழுதிக் கொடுக்கிற வேலைதான். மனநலப் பிரிவுக்காரர்கள் அவரைத் தங்கள் ஆளாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. குழந்தை மருத்துவர்களுக்கோ அவர் ஊசி போடத் தெரியாத டாக்டர். அடுத்த ஊர் ஆஸ்பத்திரியில் தன்னைப் போல இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறாரா என்பதுகூட அவருக்குத் தெரியாது. அந்தத் தனியாட்களைத் தேடிப் பிடித்து ஒன்றுசேர்த்ததுதான் ‘சொசைட்டி ஆஃப் பீடியாட்ரிக் சைக்காலஜி’. அந்த நாட்டில் குழந்தைகள் வார்டிலேயே என் உத்தியோக காலம் முழுவதும் கழிந்தது. அதனால் எங்கள் சங்கத்தின் பழங்கதையில் எனக்குக் கொஞ்சம் சொந்தப் பிடிப்பு உண்டு, கொஞ்சம் குறையும் உண்டு.

ஆன்டிபயாடிக் மருந்துகள் வந்து தொற்றுநோய்களின் பிடி தளர்ந்தது. 1955-ல் ஜோனாஸ் சால்க்கின் போலியோ தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது. உயிருக்குப் போராடிய பிள்ளைகள் குறையக் குறைய, படுக்கையை நனைப்பவன், சாப்பிட மறுப்பவள், பள்ளிக்கூடம் என்றாலே வயிற்றுவலி வருகிறவன் என்று வேறு பிள்ளைகள் டாக்டரின் வரிசையில் முன்னால் வந்தார்கள். அவர்களுக்கு என்ன செய்வதென்று மருத்துவப் படிப்பில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. 1965-ல் ஹார்வர்டின் ஜெரோம் கேகன், குழந்தை மருத்துவத்துக்கும் உளவியலுக்கும் புதுக் கல்யாணம் என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். 1967-ல் ஓக்லஹோமாவில் இருந்த லோகன் ரைட், ‘அமெரிக்கன் சைக்காலஜிஸ்ட்’ இதழில் மூன்றே பக்கங்களில் இந்த வேலைக்கு ஒரு பெயரும் அடையாளமும் கொடுத்தார். அதைத் தொடர்ந்து, சங்கம் தேவையா என்று பார்க்க மூன்று பேர் கொண்ட குழு அமைந்தது: ரைட், லீ சால்க், டொரத்தியா ராஸ்.

இந்த மூவரைப் பற்றி நின்று பேசத்தான் வேண்டும். லீ சால்க், போலியோ சால்க்கின் தம்பி. அண்ணன் வார்டைக் காலி செய்தார், அங்கே தம்பி நாற்காலி போட்டு உட்கார்ந்தார் என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வோம். நியூயார்க் மிருகக்காட்சி சாலையில் ஒரு தாய்க்குரங்கு குட்டியை இடப்பக்கமே அணைத்திருந்ததைக் கண்டு, தாயின் இதய ஓசையைப் பற்றி ஆராயப் புகுந்தவர் அவர். பிறந்த குழந்தைகளின் அறையில் நிமிடத்துக்கு 72 துடிப்பு வீதம் இதய ஒலியைப் பதிவுசெய்து ஒலிக்கவிட்டார். கேட்ட குழந்தைகள் குறைவாக அழுதன, எடையும் நன்றாக ஏறியது என்றார். எந்தச் சீரான ஓசைக்கும் குழந்தை அடங்கும் என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். பத்திரிகைகளுக்கு என்னவோ சால்க்கின் கதைதான் பிடித்திருந்தது. அவர் பேச்சுக்காரர், தொலைக்காட்சிக்குப் பொருத்தமானவர். புதுச் சங்கத்துக்கு அப்படி ஒருவர் வேண்டும்தானே.

ரைட் காரியக்காரர். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்த கைக்குழந்தைகள் சிலர், தேவை தீர்ந்த பிறகும் குழாய் இல்லாமல் மூச்சுவிட மறுத்தார்கள். குழாயை அடைத்திருக்கும் நேரத்தில் விளையாட்டும் கொஞ்சலும் கிடைக்கும்படி செய்து, அந்த நேரத்தைச் சிறிது சிறிதாக நீட்டி, குழந்தைகளைக் குழாயிலிருந்து விடுவித்ததை 1968-ல் ரைட்டும் சகாக்களும் வெளியிட்டார்கள். உளவியலாளரால் வார்டில் என்ன ஆகும் என்று கேட்ட மருத்துவர்களுக்கு இதைவிட நல்ல பதில் அன்று கிடைத்திருக்காது.

டொரத்தியா ராஸை உளவியல் மாணவர்கள் வேறொரு வழியில் அறிவார்கள். பெரியவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகளும் அப்படியே அடிப்பதைக் காட்டிய, ஆல்பர்ட் பண்டூராவின் பொபோ பொம்மைச் சோதனையில் அவரும் அவருடைய சகோதரி ஷீலாவும் கூட்டாளிகள். பெருமையை மட்டும் பாடநூல்கள் பண்டூராவுக்கே கொடுத்துவிட்டன. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது சகோதரிகள் 1984-ல் வெளியிட்ட ஆய்வு. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள்ளான 994 பிள்ளைகளிடம் வலி என்றால் என்ன, அப்போது எது உதவும் என்று நேரடியாகக் கேட்டார்கள். அம்மாவோ அப்பாவோ கூட இருப்பதுதான் என்பதே ஏறக்குறைய எல்லாருடைய பதிலும். இதைக் கண்டுபிடிக்க ஓர் ஆய்வா என்று நம் ஊர்ப் பாட்டி கேட்பாள். ஆனால் 1952-ல் லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன், எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்த லாரா என்ற இரண்டு வயதுக் குழந்தை பெற்றோரைப் பிரிந்து ஏங்கியதைப் படமெடுத்துக் காட்டியபோது, தங்கள் வார்டில் பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள் என்று மருத்துவர்கள் கோபப்பட்டார்கள். பெற்றோர் எந்நேரமும் வரலாம் என்று பிரிட்டனில் பிளாட் குழு பரிந்துரைக்க 1959 ஆயிற்று.

1968-ல் சங்கம் உருவானது. ரைட் முதல் தலைவர். தலைவர் பதவி என்றதும் மேடை, மாலை என்று நினைக்க வேண்டாம். வேலை முழுக்கத் தபால்தான்: எந்த மருத்துவக் கல்லூரியில் யார் இருக்கிறார் என்று விசாரிப்பது, பெயர்ப் பட்டியலைத் திருத்துவது, சந்தாவை நினைவூட்டுவது. 1969-ல் ஒரு செய்திமடல் தொடங்கியது. என்னைக் கேட்டால் சங்கத்தை நிலைநிறுத்தியவர்கள் தலைவர்கள் அல்லர், இந்த மடலை நடத்தியவர்கள். அதன் ஆசிரியராக இருந்த டயான் வில்லிஸ், கயோவா பழங்குடியைச் சேர்ந்தவர். 1976-ல் மடல் ‘ஜர்னல் ஆஃப் பீடியாட்ரிக் சைக்காலஜி’ ஆனபோது அவரே முதல் ஆசிரியர். அறிவிப்புத் தாள் ஆய்விதழானதும் பல்கலைக்கழகத்தில் பதவி உயர்வு கேட்கிறவருக்குக் காட்ட ஏதோ ஒன்று கிடைத்தது. கொள்கை பேசிச் சேராதவர்கள் அதற்காகச் சேர்ந்தார்கள். மனித சுபாவம் அறிந்தவர்களின் சங்கம், கேட்பானேன்!

1980-ல் எங்கள் சங்கம் அமெரிக்க உளவியல் சங்கத்தின் மருத்துவ உளவியல் பிரிவுக்குள் ஐந்தாம் உட்பிரிவு ஆனது, 2000-ல் அதன் 54-ஆம் தனிப் பிரிவு. ஆண்டறிக்கைகள் இந்த இரண்டையும் பெரிதாகப் போடும். வார்டில் எங்களுக்கு அவற்றால் ஒன்றும் மாறவில்லை. மாறியது 2002 ஜனவரியில்.

அதுவரை காப்பீட்டுப் படிவத்தில் உளவியலாளர் பில் போட வேண்டுமானால் ஒரு மனநோயின் பெயரை எழுதியாக வேண்டும். ரத்தப் புற்றுநோய்க்காக மாதம்தோறும் முதுகில் ஊசி குத்திக்கொள்ளும் ஏழு வயதுப் பையன் பயந்தால் அது நோயா? நோய் என்று எழுதினால்தான் பணம். எழுதினால் அந்த முத்திரை அவன் கோப்பில் தங்கிவிடும். நாங்கள் இருப்பதிலேயே லேசான ஒரு பெயரைத் தேடி எழுதுவோம், சிலர் எதுவும் எழுதாமல் இலவசமாகவே பார்த்துவிட்டுப் போவார்கள். உடல்நோய்க்காகவே உளவியலாளரின் உதவி பெறலாம் என்று தனிக் குறியீட்டு எண்கள் வந்தது அப்போதுதான். என் கணக்கில் அதுவே எங்கள் தொழிலுக்குக் கிடைத்த நிஜமான அங்கீகாரம். அது எந்த மாநாட்டு மேடையிலும் அல்ல, பில் படிவத்தின் ஒரு கட்டத்தில் கிடைத்தது. அந்த எண்களையும் 2020-ல் மாற்றிவிட்டார்கள். புதியவற்றை மனப்பாடம் செய்கிற வேலை எனக்கு இல்லை, ஓய்வு பெற்றுவிட்டேன்.